சுரங்கத்துத் தண்ணீரில் ஒரு டீ

நான் பார்க்கும் உத்தியோகம் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுவது. அதற்கு மாதச் சம்பளம் என்று சொன்னால் எங்கள் பொம்மிடிப் பக்கம் யாரும் நம்பிப் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, கல்யாணத்துக்குப் பிறகுதான் வேலை கிடைத்தது. ஒடிசாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே ஊறுகிற தண்ணீரை பம்பு வைத்து மேலே ஏற்றி, குட்டைகளில் தெளியவிட்டு, வடிகட்டி, மருந்து கலந்து, குவார்ட்டர்ஸ் குழாய்களுக்கு அனுப்ப வேண்டும். அங்கே எந்நேரம் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரும். திறக்கத்தான் வீட்டில் ஆளில்லை.

போன லீவில் என் மனைவி கலைமதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடு ஊருக்குப் போனேன். சாட்சிக்கு அந்தத் தண்ணீரிலேயே ஒரு பாட்டில். நகைப்பெட்டியைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கரித் தண்ணி இம்மாம் தெளிவா இருக்குதே, எதுனா பவுடர் போடுவீங்களா?"

"குடிச்சுப் பாரு."

"நீங்க வேலைக்குப் போனப்புறம், இதக் குடிச்சு நான் நோவுல படுத்துக்கிட்டா மாட்டை யாருங்க பாக்கறது?"

மாடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆந்திராவும் இரண்டு கறவை மாடுகளும் இருந்தன. ஆந்திராவையாவது ரயிலில் தாண்டிவிடலாம். பாட்டில் அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தபோது வீட்டுச் சிமென்ட் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் சேறு. குட்டையில் இப்படிச் சேறு தங்கினால் எங்கள் மேனேஜர் என் பரம்பரையையே விசாரிப்பார். கை சும்மா இருக்குமா? அடைப்பைப் பிடுங்கி மொத்தத் தண்ணீரையும் தெருவில் விட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பாராட்டுக்காக வாசலில் நின்றேன்.

பால் கேனோடு வந்தவள் தெருவைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க இது? நாலு நாளைக்கு வெச்சிருந்த தண்ணிங்க!"

"இன்னைக்குத் தண்ணி விடற முறைதான?"

"ஊர் மோட்டார் காயில் கருகிப் போயி முந்தாநாளே கழட்டிட்டாங்க."

பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "ஏம்ப்பா மாதேசு, அங்க எறச்சது பத்தாதுன்னு இங்கயும் வந்து எறச்சிட்டியா?"

சிரித்தபடியே மாடுகளுக்கென்று இரண்டு குடம் கொடுத்தார். அவர் வீட்டிலும் அதற்கு மேல் இல்லை.

மாடுகள் குடித்தன. எங்களுக்கு மிச்சமில்லை. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, கலைமதி அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். கொஞ்ச நேரத்தில் டீ கொதிக்கிற வாசனை வந்தது.

ஒரு வாய் குடித்தாள். தண்ணீரைச் சோதிக்க வரும் அதிகாரிகளின் முகத்தைக்கூட நான் இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"நம்ம தண்ணியவிட நல்லாத்தாங்க இருக்குது," என்றாள். இன்னொரு வாய். "அங்க தெனமும் இதத்தான் குடிக்கறீங்களா? தனியா?"

"தனியாத்தான். வந்துடேன், கலை."

டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"வரணும்னுதாங்க இருக்குது. இதுங்கள வித்துட்டு வந்து, அங்க கொழாயத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா? எனக்குக் கையில வேலை வேணுங்க."

பதில் எனக்கு முன்பே தெரியும். கேட்காமல் இருக்கத்தான் தெரியவில்லை.

லீவு முடிவதற்குள் மோட்டார் வந்துவிட்டது. பொம்மிடி ஸ்டேஷனில், அதே பாட்டிலில் எங்கள் ஊர்த் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள்.

ஒடிசா திரும்பிய நாளிலிருந்து அது பம்பு ரூம் ஜன்னலிலேயே இருந்தது. லட்சக்கணக்கான லிட்டரை யோசிக்காமல் இறைத்துக் கொட்டுகிறவனுக்கு அந்த ஒரு லிட்டரைத் தொட மனசு வரவில்லை. நேற்று போனில் கேட்டாள்.

"குடிச்சீங்களா?"

"அன்னைக்கே குடிச்சாச்சு. இனிச்சுது."

"பொய். நம்ம தண்ணி உப்புங்க." பின்னாலிருந்து ஒரு மாடு கத்தியது. "குடிச்சு முடிங்க. காலி பாட்டிலோட வந்தாத்தான ரொப்பித் தர முடியும்?"

போனை வைத்ததும் மூடியைத் திறந்தேன். உப்புதான். ஒரு சொட்டு விடவில்லை. பாட்டிலைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டு, மேனேஜரிடம் லீவு கேட்கப் போனேன். நான் திரும்பி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.