முழு வீட்டுக்கும் கரண்ட்

ஜெனரேற்றர் வேண்டாம் எண்டு நான் சொன்னதை என்ரை மனுசன் காதிலை விழுத்தேல்லை. நெல்லு வித்த கையோடை கிளிநொச்சிக்குப் போய், பழசு ஒண்டை உழவு மெசினிலை ஏத்திக்கொண்டு முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தார்.

"ஒரு அறைக்கு மட்டும் இழுத்தால் காணும்," எண்டன்.

"முழு வீட்டுக்கும்தான்," எண்டார்.

வயர் வேலைக்கு வந்த குணநாயகம் பின்வளவிலை கொட்டில் போட்டு, ஜெனரேற்றரை அதுக்குள்ளை இருத்தி, வீட்டின்ரை பழைய வயரோடை பொருத்தினான். தொண்ணூறிலை சண்டையோடை கரண்ட் நிண்ட வீடு. எந்தச் சுவிச் போட்டபடி கிடக்குது எண்டு அதுக்குப் பிறகு ஆர் பார்த்தது?

குணநாயகம் கயிறை இழுத்தான். ஜெனரேற்றர் உறுமிச்சுது. எல்லா லைற்றும் ஒரேயடியா எரிஞ்சுது. விதைக்கெண்டு விறாந்தை ஃபானிலை நான் கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடியளும் சுத்தத் தொடங்கி, ஒவ்வொண்டாப் பறந்துது. ஒண்டு என்ரை மனுசனின்ரை நெத்தியிலை போய் அடிச்சுது.

"நிப்பாட்டடா," எண்டு அவர் கத்தினது அந்த இரைச்சலிலை குணநாயகத்துக்கு எங்கை கேட்கும்? நான் வயிறு நோகச் சிரிச்சன்.

பின்னேரம் கோயிலுக்கு வெளிக்கிட பிரிஜ்ஜைத் திறந்தன். கரண்ட் நிண்ட நாளிலை இருந்து, எலிக்குப் பயந்து நல்ல உடுப்பெல்லாம் அதுக்குள்ளைதான் வைக்கிறனான். அந்த வெக்கைக்கு, எடுத்து உடுத்த சீலை குளுகுளுவெண்டு இருந்துது.

"எப்பிடி இருக்குது?" எண்டார், வீங்கின நெத்தியைத் தடவிக்கொண்டு.

"ஜெனரேற்றரை நிப்பாட்டாதேங்கோ," எண்டன். "உங்கடை வேட்டியும் உள்ளைதான் கிடக்குது."