நூற்று நாற்பத்தேழாவது பெயர்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆம் திகதி, திங்கட்கிழமை. அன்று காலை என்னிடமிருந்த முறைப்பாடு இதுதான்: குற்றமற்ற ஒரு பெண்ணின் நீரிறைக்கும் இயந்திரத்தை நான்கு நாள்களுக்கு முன் நான் பூட்டினேன். பூட்டும்படி எனக்குச் சொன்னது ஒரு கணினித் திரை. அத்திரை சொன்னது பொய்.

நான் சண்முகநாதன். முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். சண்டிலிப்பாயில் எங்கள் குறிச்சிக் கமக்காரர், அதாவது விவசாயிகள், அமைப்பின் செயலாளர். எங்கள் நிலத்தின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் துளைகளில் மழைநீர், கடல்நீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. ஒருவர் அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். ஏறிய உவர் அயற்கிணறுகளுக்கும் பரவும். ஆகவே நூற்று நாற்பத்தாறு கிணறுகளிலும் நீரை அளக்கும் மானிகளை இறக்கினோம். உப்பு எல்லை கடந்தால் அக்கிணற்றுக்காரரின் பெயர் திரையில் சிவக்கும். சிவந்தால் செயலாளர் சென்று இயந்திரத்தைப் பூட்ட வேண்டும்; திரை பச்சையாகும்வரை திறக்கக் கூடாது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நானே.

திரை ஓடத் தொடங்கி ஏழாம் நாள், பெப்ரவரி 15ஆம் திகதி, குணலட்சுமியின் பெயர் சிவந்தது. என் காணிக்கு அடுத்த காணி அவருடையது. கணவர் கொடிகாமம் சந்தையில் மூட்டை ஏற்றுகிறார். தோட்டம் முழுவதும் குணலட்சுமியின் பொறுப்பு. நாற்பது நாள் வெங்காயம் அங்கே நின்றது. அப்பருவத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பாய வேண்டும். நான் பூட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை குணலட்சுமி ஒரு செம்போடு என் வாசலில் நின்றார்.

"மாஸ்ரர், இதைக் குடியுங்கோ."

"என்ன பிள்ளை இது?"

"சவர்த் தண்ணி. உங்கடை பெட்டி சொல்லுற சவர். குடிச்சுப்போட்டு, எத்தினை கரண்டி உப்புப் போட்டனான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

குடித்தேன். நல்ல தண்ணீர்.

"உதை வேறெங்கையும் இருந்து அள்ளிக்கொண்டு வந்தனீரோ?"

"நாலு நாளாய் ஊரெல்லாம் நல்ல தண்ணி தேடித் திரியுறன், மாஸ்ரர், வேறை வேலை இல்லை. வாருங்கோ, நீங்களே அள்ளுங்கோ."

சென்றேன். என் கையாலேயே வாளியை விட்டு அள்ளிக் குடித்தேன். அதே சுவை. கிணற்றடியில் நின்று பார்த்தால் பன்னிரண்டு பாத்திகள். வெங்காயத் தாள்கள் நுனி கருகி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

"நாளைக்கு விடியத் தண்ணி பாயாட்டில் உதுகள் கறிக்கும் உதவாது. வாளியாலை அள்ளி ஊத்திப் பன்ரண்டு பாத்திக்கும் காணாது. பூட்டைத் திறவுங்கோ."

"திரை மாறாமல் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, பிள்ளை."

"அப்ப போய்த் திரையை மாத்திக்கொண்டு வாருங்கோ."

அடுத்த பேருந்தில் யாழ்ப்பாணம் போனேன்.

அத்திரையை ஓட்டும் கணினி நிரலை எழுதியவர் லவீனா. மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். பஸ் நிலையத்துக்கு அண்மையில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம். படியேறும்போதே சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன். ஏறி முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"கணக்குப் பிழைக்காது, மாஸ்ரர். அந்தப் பக்கத்தை நான் நூறு தரம் சோதிச்சிட்டன்."

"அப்ப என்ரை நாக்குப் பிழையோ?"

"நாக்கும் சரியா இருக்கலாம். இடையிலை ஒரு இடம் இருக்கு. இருங்கோ, காட்டுறன்."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அங்கே நிரல் ஒன்றன்று, இரண்டு. முதலாவது, மானிகளைக் கேட்டுக் கணக்கிடுவது. அது முன்கூட்டியே இயந்திரத்தின் மொழிக்கு முழுதாக மாற்றப்பட்டுவிட்டது; ஆகவே மிக வேகமானது, ஆனால் எளிதில் திருத்த முடியாதது. இரண்டாவது, திரையை வரைவது. அது ஓடும்போதே வரிவரியாக வாசிக்கப்படுவது; வேகம் குறைவு, ஆனால் நிறத்தையும் எழுத்தையும் நினைத்த நேரத்தில் மாற்றலாம். ஒன்றின் மொழி மற்றதற்குத் தெரியாது. கிணறு ஒன்றுக்கு ஐந்து அளவுகள்: நீர்மட்டம், உப்பு, வெப்பம், இறைத்த நேரம், இறைத்த அளவு. ஆகவே எழுநூற்று முப்பது எண்கள், பத்து விநாடிக்கு ஒருமுறை, ஒரு மொழியிலிருந்து மற்ற மொழிக்குப் போயாக வேண்டும்.

"எப்பிடிப் போகுது?"

"உங்களுக்காகப் பொறுத்துப் பொறுத்து விடுறன். பாருங்கோ."

திரையின் நடுவில் வெறுமையான ஓர் அடுக்குத் தோன்றியது. இடப்புறத்திலிருந்து ஓர் எண் வந்து அதில் அமர்ந்தது. 4.18. யாரோ ஒருவரின் கிணற்றில் தண்ணீர் நிற்கும் ஆழம். வலப்புறம் அதை எடுத்துக்கொண்டது. அடுத்த எண். அடுத்தது. இடப்புறத்துக்கு வலப்புறம் யாரென்று தெரியாது. வலப்புறத்துக்கு இடப்புறம் என்ன செய்தது என்று தெரியாது. ஒன்று வைக்கிறது, மற்றது எடுக்கிறது. அந்த அடுக்கில் இருக்கும் அக்கணத்தில் எண்ணுக்கு எந்த மொழியும் இல்லை. அது குணலட்சுமியின் வெங்காயத்துக்கும் உரியதன்று, என் தோட்டத்துப் பீற்றூட்டுக்கும் உரியதன்று; வெறும் அளவு.

முப்பத்துநான்கு ஆண்டுகள் சொற்களோடு வாழ்ந்தவன் நான். ஒரு மொழி முடிந்து மறு மொழி தொடங்காத இடம் ஒன்று உண்டென்று அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை. கோபிக்க வந்ததை மறந்தேன். எண்கள் வந்து அமர்வதையும் எழுந்து போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேனும் தவறி விழவில்லை.

"பொறுக்காமல் விட்டால் எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நீங்கள் ஒருக்காக் கண்ணை வெட்டி முழிக்க, எழுநூத்தி முப்பதும் போய், பிறகும் கன நேரம் சும்மா இருக்கும்."

நான் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தேன். அதற்குள் எங்கள் குறிச்சியின் நிலத்தடி நீர் முழுவதும் ஒரு மொழியைக் கடந்துவிட்டது என்ற எண்ணம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கோயிற் கதவு திறக்கும்போது வரும் நடுக்கத்தை எனக்குத் தந்தது.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"இதுகளிலை பெயர் ஒண்டும் இல்லையே. எது ஆரின்ரை கிணறு எண்டு அந்தப் பக்கத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"வரிசைதான், மாஸ்ரர். பெயரெல்லாம் ஒரு வரிசையா முதலே போயிட்டுது. எண்கள் இன்னொரு வரிசையாப் போகுது. முதற் பெயருக்கு முதல் ஐஞ்சு, அடுத்த பெயருக்கு அடுத்த ஐஞ்சு."

"வாக்கியத்திலை சொற்களை நான் இடம் மாத்திப் போடலாம், பிள்ளை, உருபு ஒட்டிக்கொண்டு நிக்கிறபடியால் பொருள் மாறாது. இதிலை ஒட்டுறதுக்கு ஒண்டும் இல்லை. ஒரு இடம் தவறினால்?"

லவீனா பெயர்ப் பட்டியலைத் திறந்தார். அதைக் காணி வரிசைப்படி தட்டெழுதி அனுப்பியவன் நான். அடியிலிருந்து பார்த்துக்கொண்டு மேலே வந்தார். கடைசிப் பெயர் பாலேஸ்வரி. அவர் பெயருக்கு நேரே எண் ஒன்றும் இல்லை.

"இவவின்ரை மானி பழுதெண்டு ரெண்டுதரம் மாத்திப்போட்டம்," என்றார். பட்டியலின் உச்சிக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது. "மாஸ்ரர், இது ஆர்?"

உச்சியில் ஒற்றை எழுத்து: உ.

"அது பிள்ளையார் சுழி."

"நான் உலகநாதனோ உதயகுமாரோ, ஆரோ ஒரு பெரியவர் தன்ரை பெயரைச் சுருக்கி எழுதியிருக்கிறார் எண்டு நினைச்சன். நீங்கள் அனுப்பின பட்டியல். ஒரு எழுத்திலை கைவைக்கவும் பயம்."

எதை எழுதினாலும் உச்சியில் அச்சுழியை இடுவது என் கையின் பழக்கம். கடிதமோ, கூட்ட அறிக்கையோ, அது இல்லாமல் தொடங்கியதில்லை. திரை முதன்முதல் ஓடிய அன்று உச்சியில் உ என்றிருக்கக் கண்டேன். மெதடிஸ்தப் பிள்ளையானாலும் முறை தெரிந்தவர் என்று பொதுக்கூட்டத்தில் அவரைப் பாராட்டியும் பேசினேன். அதற்கு நேரே ஐந்து எண்கள் நின்றதை நான் பொருட்படுத்தவில்லை. முதற் கிணற்றின் நீர் பிள்ளையாருக்குப் போய்விட்டது. அதன்பின் ஒவ்வொரு பெயரும் தனக்கு அடுத்த கிணற்றின் நீரை வாங்கிக்கொண்டது. பாலேஸ்வரிக்கு மிஞ்சியது வெறுமை.

"பிழை என்னுடையது," என்றேன். "ஆனால் நூற்று நாற்பத்தாறு கிணற்றுக்கு நூற்று நாற்பத்தேழு பெயர் வந்தால், உம்முடைய நிரல் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டாமோ?"

"ஓம், மாஸ்ரர். எண்ணிப் பாக்கச் சொல்லி நான் எழுதேல்லை. அது என்ரை பிழை."

அவர் அதை மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. பின்னர் சுழியை நீக்கினார், அதோடு நிற்கவில்லை. "இனி ஒவ்வொரு கிணறும் தன்ரை பெயரைத் தானே காவிக்கொண்டு வரட்டும்," என்று, ஒரு பெயரையும் அதற்குரிய ஐந்து எண்களையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும்படி இரு பக்கத்தையும் மாற்றினார். ஒன்றரை மணி நேரம் ஆனது. மீண்டும் ஓட்டினார்.

குணலட்சுமியின் பெயர் பச்சையாயிற்று. பாலேஸ்வரிக்கு நேரே ஐந்து எண்கள் வந்தன. குணலட்சுமிக்கு அடுத்த பெயர் சிவந்தது. அது என் பெயர்.

லவீனா என் முகத்தைப் பார்க்காமல், "திருப்பி ஒருக்கா ஓட்டட்டோ?" என்றார்.

"வேண்டாம். இப்பதான் உண்மை சொல்லுது."

பதினொரு நாள்களாக என் பெயருக்கு நேரே நின்றது, எனக்கு அடுத்த காணிக் குகதாசனின் நல்ல தண்ணீர். அந்தப் பச்சையை நம்பிப் பீற்றூட்டுக்குக் காலையும் மாலையும் இறைத்தேன். எனக்குக் குடிநீர் குழாயில் வருகிறது. என் கிணற்றில் ஒரு மிடறு குடித்துப் பார்க்கவேயில்லை. உவரை மேலே இழுத்தவன் நான். பூட்டப்பட்டவர் குணலட்சுமி.

நான்கு மணிக்கு ஊர் திரும்பி நேரே அவருடைய தோட்டத்துக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பூட்டைத் திறந்ததும் அவர் முதலில் இயந்திரத்தை இயக்கினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகே என் பக்கம் திரும்பினார்.

"உந்தப் பூட்டு இனி ஆருக்கு?"

"எனக்கு."

"பீற்றூட்டுக்கு என்ன செய்வியள்?"

"தெரியேல்லை."

"இஞ்சை வந்து அள்ளுங்கோ. வாளியாலை. மெஷினைக் கொண்டுவந்தால் நான் பூட்டுவன்."

பன்னிரண்டு பாத்திகளில் மூன்று மீளவில்லை. ஒன்பது மீண்டன. அம்மூன்றுக்கும் ஈடாக எதைக் கொடுப்பது என்று கேட்டேன். "கொடுக்க ஏலாது" என்றார் அவர். அது கோபத்தில் சொன்னதன்று, உண்மை.

பதினொரு நாள்கள் எங்கள் குறிச்சியில் எல்லாரும் அயலவரின் நீரைத் தம்முடையதென்று வாசித்தோம். ஒரேயொருவர்தான் குடித்துப் பார்த்துவிட்டு மறுத்துப் பேசினார். அந்த அடுக்கை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்புக் குறையவில்லை. அத்தனை எண்களும் ஒரு கண்வெட்டில் பிசகாமல் கடந்தன. பிசகியது, யாருடையவை என்று நாங்கள் சொல்லியனுப்பிய இடத்தில்.

இதை வாசிக்கிறவரே, உம்முடைய பெயருக்கு நேரேயும் எங்கோ ஒரு திரையில் ஓர் எண் நிற்கிறது. அதை வைத்து உமக்கு எதையோ தருகிறார்கள். அல்லது எதையோ பூட்டுகிறார்கள். இன்றே அங்கே போம். 'இந்த எண் என்னுடையதுதான் என்று எதைக்கொண்டு சொல்கிறீர்கள்?' என்று கேளும். அவர்கள் விடை சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்.