வேகத்தடைக்கு முன்னால் இறங்கு

எங்கள் ஓரான் நகரத்தில் வாசலில் ஒரு பிள்ளை விளையாடினால் போதும், அந்த வீட்டுக்காரர் சிமெண்டைக் குழைத்துத் தெருவின் குறுக்கே வேகத்தடை போட்டுவிடுவார். யாரையும் கேட்கமாட்டார். இப்படிப்பட்ட ஊரில்தான் என் கணவன் மிலூத் தன் காரின் ஸ்பிரிங்கைக் குறைத்து, அழகுக்கென்று தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறான். புத்தி கெட்ட மனிதன்.

அவன் மட்டும் உட்கார்ந்தால் கார் தடையைத் தாண்டிவிடும். நானும் உட்கார்ந்தால் அடி இடிக்கும். அதனால் ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் நிறுத்தி, "வசீலா, கொஞ்சம் இறங்கிக்கோ" என்பான். நான் இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். போன முறை பிள்ளை தங்கவில்லை. "வண்டியில குலுங்காதே, சும்மா ஏறி இறங்காதே" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னபோது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து மண்டையை மண்டையை ஆட்டினான். மறுநாளே மெக்கானிக் பெனாமரிடம் போய்விட்டு வந்து, "தினமும் ஓட்டுற மாதிரி ஸ்பிரிங்கை ஏத்தியாச்சு" என்றான். நம்பினேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது காபிக் கடை முன்னால் நிறுத்தினான்.

"இறங்கிக்கோ."

"ஏத்தியாச்சுன்னு சொன்னியே?"

"ஏத்தினேன். ஆனா ரெண்டு பேர் இருந்தா இன்னும் லேசா உரசுது. நாலு எட்டுதானே, நட."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடையிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஏன்டா மிலூத், மாசமா இருக்கிறது வீட்டம்மாவா, காரா?"

கடையே சிரித்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் புருஷனும் சேர்ந்து சிரித்தான். தடையைத் தாண்டியதும் இறங்கி, எனக்குக் கதவைத் திறக்காமல், குனிந்து காரின் அடியைப் பார்த்தான்.

நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். சாவி அதிலேயே இருந்தது. அவன் நிமிர்வதற்குள் கிளம்பிவிட்டேன். அடுத்த தடையில் மெல்ல ஏற்றி இறக்கினேன். அடி கரகரவென்று தேய்ந்தது. தேயட்டும்.

பெனாமர் பட்டறையில் நிறுத்தி, ஸ்பிரிங்கை ஏற்றிய வண்டி நான் உட்கார்ந்தால் ஏன் இன்னும் இடிக்கிறது என்று நேராகக் கேட்டேன். பாவம், அவர் தலையைச் சொறிந்தார்.

"தினமும் ஓட்டுற வண்டின்னா, வழக்கமா வர்றவங்களை உள்ள உக்கார வெச்சுத்தான் உசரம் அளக்கணும். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னேம்மா. 'அவ எதுக்கு, எனக்கு மட்டும் வெச்சுக் குடு போதும்'னுட்டான்."

இத்தனை நாளும் அவனுக்குக் கார் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னையும் பிள்ளையையும் பற்றி ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், இவன் வேண்டாம் என்றிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நான் இறங்கமாட்டேன். இப்படியே அளங்க" என்றேன்.

பெனாமர் சக்கரத்துக்கு மேலே விரல் வைத்து அளந்துகொண்டிருந்தபோது மிலூத் மூச்சு வாங்க ஓடி வந்தான். "ரொம்ப ஏத்திடாதீங்க, பாக்க நல்லா இருக்காது" என்பதுதான் அவன் முதல் பேச்சு.

பெனாமர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "எத்தனை பேருக்கும்மா வெக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கு."

மிலூத்தின் முகம் தெளிந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்காரப் போனான்.

நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"நீ எங்க ஏறுற? அளந்துக்கிட்டிருக்காரு" என்றேன். "இறங்கிக்கோ."