பிறிட்ஜுக்குள் ஒரு கோப்பு

பாலசுந்தரத்தார் வீட்டுப் பிறிட்ஜ் செத்துப் பதினொரு மாதம். ஆனாலும் அது கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியின் முதலாம் மாடிக் குசினியில் நின்ற இடத்திலேயே நின்றது. பாலும் மீனும் இருந்த தட்டுகளில் இப்போது காகிதங்கள் இருந்தன. புதிய பிறிட்ஜ் எதை வாங்குவது என்று இன்ரநெற்றில் பார்த்து அச்செடுத்த காகிதங்கள். கதவு ரப்பர் இன்னும் இறுக்கமாக இருந்ததால், வீட்டில் கரப்பான் நுழையாத ஒரே இடம் அதுதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். முட்டை வைக்கிற குழிகளில் சிவப்புப் பென்சிலும் அழிறப்பரும் இருந்தன.

மனைவி ஜெகதீஸ்வரி இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லிக் களைத்து, பிறகு சொல்லாமல் இருந்தும் களைத்துவிட்டாள்.

அவளுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் போடவேண்டும். பிறிட்ஜ் செத்த புதிதில் மருந்துக் குப்பியை அலுமாரியில் வைத்து, அது சூட்டில் கெட்டது தெரியாமல் போட்டு, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு மருந்து மூன்றாம் மாடியில், இமெல்டா ரீச்சரின் பிறிட்ஜில், பட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தது. கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கிற இமெல்டா தனி ஆள். கேட்டவுடன் இடம் தந்தாள். லிப்ற் மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்கி ஜெகதீஸ்வரியின் முழங்கால் தேய்ந்தது.

பாலசுந்தரத்தார் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். சாமான் வாங்க விலை கேட்டு முடிவெடுக்கிற ரெண்டர் போட்டில் இருபத்தாறு வருடம் இருந்ததாகச் சொல்லுவார். இருந்தது உண்மைதான். தலைவருடைய நாற்காலிக்குப் பின்னால், கூட்ட அறிக்கை எழுதுகிற நாற்காலியில். மூன்று விலைமனு எடுக்காமல் கச்சேரிக்கு ஒரு விளக்குமாறு வாங்க விட்டதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு, அயன் பண்ணின சேட்டும் பையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டுமாக, சந்தியில் ஹியூபேட் ரெலிபோனும் இன்ரநெற்றும் வைத்து நடத்துகிற கொமினிக்கேசனுக்குப் போவார். மூன்றாவது கொம்பியூட்டர் அவருடையது. ஹியூபேட் முதல் கிழமை "சேர்" என்றான். இப்போது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. அங்கே இருந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறிட்ஜ் வாங்கினவர்கள் எழுதிவைத்த மனக்குறைகளை வாசிப்பார். ஒஹாயோவில் ஒரு பெண்பிள்ளை, ஐஸ்கிறீமில் வெங்காயம் மணக்கிறது என்று ஒரேயொரு நட்சத்திரம் போட்டிருந்தாள். அதையும் அச்செடுத்தார். முறைப்பாடு என்றால் முறைப்பாடுதானே.

அந்தப் பிறிட்ஜுகள் அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தவை. இந்த வீட்டு வாசலால் உள்ளே வரவும் மாட்டா. அவர் கீறின அட்டவணையில் ஏழாவது நிரல், 'கொழும்பில் கிடைக்குமா' என்பது. நாற்பத்திரண்டு வரியிலும் 'இல்லை' என்றே இருந்தது. முடிவுகள் இவ்வளவு ஒற்றுமையாக வருவது ஆராய்ச்சியின் தரத்தைக் காட்டுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அருந்ததி கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ரெலிபோன் எடுப்பாள். காசு அனுப்பிப் பத்து மாதமாகிறது, அம்மா இன்னும் படி ஏறுகிறாவா என்று கேட்பாள்.

"பிள்ளை," என்பார் அவர், "அவசரப்பட்டு வாங்கினவன் எழுதினதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன்."

அதோடு ஸ்காபரோ ரெலிபோனை வைத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை விடியப்புறம் ஆமியும் பொலிசும் வந்து சுற்றிவளைப்பு. வழமையான ஒன்றுதான். வீட்டில் இருக்கிறவர்களைப் பொலிஸில் பதிந்து கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த பதிவுப் படிவத்தை எடுத்து, அதிலிருந்த இரண்டு பெயர்களையும் முகங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அலுமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்து முடித்துப் போகிற போக்கில் ஒருவன் பிறிட்ஜைத் திறந்தான்.

பால் இல்லை, மீன் இல்லை. முந்நூறு பக்கம் ஆங்கிலம். நடுவில் வயர்ப் படங்கள். ஒரு படத்தில் 'ரைமர்' என்று நேரக்கருவி இருந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் இரண்டு தரம் வட்டமிட்டிருந்தது.

பொறுப்பாக வந்தவர் காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். பாலசுந்தரத்தாரின் முகம் மலர்ந்ததை ஜெகதீஸ்வரி கண்டாள். பதினொரு மாதத்தில் முதல் பக்கத்தைத் தாண்டிய முதல் மனிதன். கச்சேரியில் பழகின சிங்களத்தில், ஐஸ் தானாகக் கரைவதற்கு அந்த ரைமர் எப்படி உதவுகிறது என்று அவர் விளக்கப் புறப்பட்டார். அதற்கு முன்னால் ஒரு முன்னுரையும் வைத்திருந்தார். ஜெகதீஸ்வரி பின்னால் நின்று சேட்டைப் பிடித்து இழுத்தாள். பேப்பரை ஏன் பிறிட்ஜில் வைக்கிறாய் என்பதுதான் அந்த மனிதருடைய கேள்வி. அதற்கு, கரப்பான் என்ற உண்மையான பதில் எந்த மொழியிலும் எடுபடவில்லை.

அதே நேரம் மூன்றாம் மாடியில் இன்னொரு பகுதியினர் இமெல்டாவின் பிறிட்ஜைத் திறந்தார்கள். இரண்டு குப்பி மருந்து, ஒரு கட்டு ஊசி. குப்பியில் ஒட்டியிருந்த பெயர் திருமதி பாலசுந்தரம். பதிவுப் படிவத்தில் இருந்ததோ ஒரேயொரு பெயர், இமெல்டா. இந்தத் திருமதி யார், எங்கே ஒளிந்திருக்கிறாள், ஏன் பதியவில்லை? கீழே பிறிட்ஜுக்குள் படம், மேலே பிறிட்ஜுக்குள் வேறொருத்தியின் மருந்து. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒரு குண்டு தோன்றத்தான் செய்யும்.

இமெல்டாவும் ஜெகதீஸ்வரியும் வீட்டுச் சட்டையோடு படிக்கட்டில் இரண்டு மணித்தியாலம் நின்றார்கள். அடுக்குமாடி முழுவதும் அவர்களைப் பாராததுபோல ஏறி இறங்கியது. கடைசியில் மேலதிகாரி ஒருவர் வந்து, ஊசியைத் தூக்கிப் பார்த்து, தன்னுடைய தாயும் இதுதான் போடுகிறா என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து திரும்பக் கிடைத்தது. கோப்பு மட்டும் சொப்பிங் பையில் ஏறிப் போய்விட்டது.

அடுத்த நாள் பின்னேரம் இமெல்டா ஒரு ஐஸ்கிறீம் பெட்டியோடு கீழே வந்தாள். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இரண்டு குப்பியும் இருந்தன.

"ஈசு அக்கா, குறை நினையாதேங்கோ. நான் தனிய இருக்கிறனான்."

"விளங்குது இமெல்டா."

"உங்கட மருந்துக்கும் ஒரு பதிவு எடுக்கலாமெண்டா எடுத்திருப்பன்."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். பாதியில் விட்டுவிட்டார்கள்.

பாலசுந்தரத்தார் அசையவில்லை. "இரண்டு கிழமை பொறும். அவங்கள் கொண்டுபோனதிலை முக்கால்வாசி எனக்கு மனப்பாடம். திருப்பி எழுதிப்போடுவன்" என்றார்.

அன்றிரவு ஜெகதீஸ்வரி பெட்டியை ஈரத்துணியால் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிய எழும்பிப் பார்த்தபோது ஐஸ் எல்லாம் வெதுவெதுத்த தண்ணீர். குப்பிகள் அதில் சரிந்து கிடந்தன. பெயர் எழுதின ஒட்டுத்துண்டு கழன்று மிதந்தது. ஆஸ்பத்திரியின் அந்த நாலு நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. கணவர் கொமினிக்கேசனுக்கு இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, சேலையை மாற்றி, வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காலி வீதியில் இருக்கிற பிறிட்ஜ் கடைக்குப் போனாள்.

கடையில் நஸீறா என்ற பிள்ளை நின்றது. எத்தனை லீற்றர், எத்தனை வருட உத்தரவாதம் என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கியது. ஜெகதீஸ்வரி கதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி இருந்தாள்.

"பிள்ளை, இதிலை எது இண்டைக்கு வரும்?"

நஸீறா கொஞ்சம் யோசித்தாள். இந்தக் கேள்விக்கு அவளுக்கு யாரும் பதில் பழக்கியிருக்கவில்லை. "அந்தா, கரையில நிக்கிற சின்னது. லொறி வாசல்ல நிக்குது. செக்பொயின்ற்ல மறிக்காட்டி பகலைக்குள்ள வந்துரும்."

"குளிருமோ?"

"குளிரும்."

"அதைத் தாரும்."

சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை. வெயில்தான் உறைத்தது.

மத்தியானம் பாலசுந்தரத்தார் புதிய அட்டவணையின் முதல் மூன்று வரிகளோடு படியேறி வந்தபோது, பழைய பிறிட்ஜ் வெளி நடையில் பழைய இரும்புக்காரனுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. உள்ளே வெள்ளையாகச் சின்னது ஒன்று மெல்ல முனகியது. அவர் அதை ஒரு தரம் சுற்றி வந்தார்.

"எத்தினை விலைமனு எடுத்தனீர்?"

"ஒண்டு."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. இரவு சாப்பிட்டார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் சுற்றிவளைப்பு. இந்த முறை வந்தவர் மீசை நரைத்த ஒரு சார்ஜன்ட். பிறிட்ஜைத் திறந்தார். பால், அரைக் கத்தரிக்காய், இரண்டு குப்பி மருந்து. குப்பியிலிருந்த பெயரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம். மருந்து தன் சொந்த விலாசத்தில் பிடிபட்டது அன்றுதான் முதல் தரம்.

ஆனால் சார்ஜன்ட் கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கவேண்டும் என்று மனைவி நச்சரிக்கிறாள், இது நல்லதா என்று பாலசுந்தரத்தாரிடம் கேட்டார்.

பாலசுந்தரத்தார் நிமிர்ந்தார். ஒரு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். வாயைத் திறந்தார். நாற்பத்திரண்டு பிறிட்ஜைப் பற்றி அவருக்குத் தெரியும். இது அதில் இல்லை. கடைசியாக, உறுதியாகச் சொல்ல இன்னும் மூன்று மாதமாவது பார்க்கவேண்டும் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார்.

சார்ஜன்ட் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் ஊசிப் பக்கெற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் துவக்கைத் தோளில் சரியாகக் கொழுவி, கையைப் பால் போத்தலுக்குப் பக்கத்தில் உள்ளே நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். விடியப்புறம் மூன்று மணியிலிருந்து படி ஏறுகிற மனிதர்போல. பிறகு கையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சப்பாத்துச் சத்தம் மேலே போனதும் பாலசுந்தரத்தார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, திறந்தபடி கிடந்த பிறிட்ஜுக்குள் தலையை விட்டு, உள்ளே ஒட்டியிருந்த மொடல் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதத் தொடங்கினார். ஜெகதீஸ்வரி ஊசியை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"கதவைச் சாத்துங்கோ," என்றாள். "குளிர் போகுது."