மூட்டத்தின் மேல் ஒரு மனை

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையே, பேருந்துச் சாலையை ஒட்டிய பன்னிரண்டு ஏக்கர் காடு வீட்டுமனைகளாக மாற்றப்பட்டது.

அது பட்டா நிலம்தான். ஆனாலும் அதில் நின்ற ஆச்சா மரங்களை வெட்ட அனுமதி வேண்டும். மனை போட்ட திம்மராயன் அதற்காகக் காத்திருக்கவில்லை. பொக்லைனை விட்டு மரங்களைச் சாய்த்தார். லாரியில் ஏற்றினால் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்ள நேரும். எனவே சாய்த்த மரங்களை, பிடுங்க முடியாத அடிக்கட்டைகளின் மேலேயே குவித்துத் தீ வைத்தார்கள். பச்சை மரம் எரிய மறுத்துப் புகைந்தது. பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

அங்கே மேற்பார்வை பார்த்தவர் அழகர்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் அவர் வேலை பார்த்த ஆலை ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, திம்மராயனிடம் சேர்ந்தவர். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் மனைகள் விற்று முடிந்ததும் வடகிழக்கு மூலை மனை அவருக்கு என்று பேச்சு இருந்தது. வாடகை வீடு மாறி மாறிச் சலித்துப்போன மனைவி பூங்கொடியிடம் அந்த மூலையைப் பற்றி அவர் பேசாத நாளில்லை.

"ஃபாரஸ்ட் கார்டு யாரன்னா இந்தப் பொகைய பாத்தா என் கதை முடிஞ்சிது அழகரு. ஞாயித்துக்கெழம மனை பாக்க வேன்ல ஆளுங்க வேற வராங்கோ" என்றார் திம்மராயன்.

"மண்ணப் போட்டு மூடிருவோம்ணே. எங்கூர்ல கரிமூட்டம் அப்படித்தான் போடுவாக. காத்து போகலேன்னா தானா அவிஞ்சிரும்."

அழகர்சாமியின் அப்பா சீமைக்கருவேலத்தில் கரி சுட்டவர். விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே கனியவிடுவார்கள். அந்த மூட்டம் மேடாகத் தெரியும். ஆறும்வரை ஊரில் யாரும் அதன்மேல் கால் வைக்க மாட்டார்கள். இங்கே பொக்லைன் மேட்டை அழுத்திச் சமமாக்கியது. மேலே செம்மண் பரப்பினார்கள், மனைக்கல் நட்டார்கள். ஆச்சா வேர் மண்ணுக்குள் எவ்வளவு தூரம் ஓடும், வேர் எரிந்த வழியே காற்று எப்படிப் போய்வரும் என்று அழகர்சாமி யோசிக்கவில்லை. புகை நின்றுவிட்டது. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை லாவண்யா என்ற ஆய்வாளர் வந்தார். எல்லையோரத் தாலுகாக்களில் காடு எங்கெங்கே மனையாகவும் குவாரியாகவும் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கூடாரமாகவும் மாறுகிறது, அதில் எரிந்த மரத்தால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது, அது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கெடுப்பது அவர் வேலை. இந்த இடத்தில் பெரிய மரங்கள் இருந்தனவா என்று கேட்டார்.

"வெறும் முள்ளுச்செடிம்மா" என்றார் அழகர்சாமி. செருப்பு வழியே மண்ணின் சூடு உறைத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. லாவண்யா குறித்துக்கொண்டு, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து இலவச வேன் கிளம்பியது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏறின. இறங்கியதும் எல்லோருக்கும் குஸ்கா பொட்டலம் கொடுத்தார்கள். பூங்கொடியும் புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். பொட்டல் வெளியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, நெழலுக்கு ஒரு குச்சியக்கூட விட்டு வைக்கலியே. ஆன வந்தா நம்ம வீட்டு நெழல்லதான் ஒதுங்கும் போல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அழகர்சாமியும் சிரித்தார். சாமி கும்பிடுகிற இடமாயிற்றே என்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈசான மூலைக்கல்லைத் தொட நடந்தாள். கல்லுக்கு ஓரடி முன்னால் மண் உள்வாங்கியது. வலது கால் முழங்கால்வரை இறங்கியது. கீழே சாம்பல், அதற்கும் கீழே கனன்றுகொண்டிருந்த ஆச்சாக் கட்டை.

அழகர்சாமி அவளைத் தூக்கியபோது அந்தக் குழியிலிருந்து மறுபடி புகை வந்தது. கையில் பொட்டலத்தோடு எல்லோரும் வேனை நோக்கி ஓடினார்கள்.

ஓசூர் மருத்துவமனையில் மருத்துவர் பாதத்தைப் பார்த்துவிட்டு, காப்பாற்றுவது கடினம் என்றார். மறுநாள் அழகர்சாமி லாவண்யாவைக் கூப்பிட்டார். அவர் மருத்துவமனைக்கு வந்ததும், அங்கே நின்றவை ஆச்சா மரங்கள் என்பதையும், எரித்ததையும், மூடியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

லாவண்யா தன் பழைய குறிப்பைப் புரட்டினார். "நான் கேட்ட எல்லா எடத்துலயும் முள்ளுச்செடின்னுதான் சார் சொன்னாங்க. இந்தத் தாலுகாவுல காடு எரியறது வருஷா வருஷம் கொறையுதுன்னு எழுதி அனுப்பிட்டேன்."

கட்டிலில் கிடந்த பூங்கொடி புருஷன் பக்கம் திரும்பவில்லை. மேலே பார்த்தபடியே சொன்னாள்: "இந்தப் பொண்ணு கேட்டப்பவே சொல்லியிருந்தா, யாராச்சும் வந்து தோண்டிப் பாத்திருப்பாக. நான் அங்கன கால வச்சிருக்க மாட்டேன்."

அழகர்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு லாவண்யாவிடம் பேசினார்.

"காட்ட எரிச்சா அது இல்லாமப் போயிராதும்மா. பாதி நம்ம காலுக்குக் கீழ கெடக்குது, மீதி பொகையாத் தலைக்கு மேல நிக்கிது. மண்ணப் போட்டோ, பொய்யச் சொல்லியோ மூடிட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். மூடுனது யாரு காலயாவது புடிக்கத்தான் செய்யும். இத எழுதிக்கங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

சொன்னபடியே வனத்துறையிடமும் போய்ச் சொன்னார். அதிகாரிகள் வந்தபோது நிலம் ஆழ உழப்பட்டுத் தண்ணீர் விடப்பட்டிருந்தது. மரங்கள் இருந்ததற்குத் தடயம் போதவில்லை என்று விசாரணை முடிந்தது. லாவண்யா திருத்தி அனுப்பிய கணக்கு அடுத்த ஆண்டு அறிக்கைக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது.

பூங்கொடிக்கு வலது பாதம் எடுக்கப்பட்டது. ஆடி பிறக்கும் முன் மனைகள் எல்லாம் விற்றுவிட்டன. மூலை மனையை வேறொருவர் வாங்கினார்.