கிம் ஹுவே சாப்பிட்டாளா

என் மனைவி கிம் ஹுவே ஏப்ரலில் இறந்தாள். சடங்கு நடந்த மூன்று நாளும் நாற்காலி அடுக்கியவன், அவளுக்கு வாராவாரம் சந்தைக் காய்கறி ஏற்றி வரும் ரோஸ்லான். ஆனாலும் அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனுடைய வேன் வழக்கம்போல எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்து நின்றது.

"சந்தையில வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல அங்கிள். ஆன்ட்டி பேரச் சொல்லித்தான் கட்டி வச்சிருந்தாங்க" என்றான்.

கோணிப்போன கேரட், தோலில் கறை விழுந்த ஆரஞ்சு, ஓரம் மஞ்சளித்த கைலான் கீரை. பேரங்காடிகள் ஒதுக்கிவிட, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் குப்பைக்குப் போக இருந்தவை. ஏழு வருஷமாக அவள் அவற்றை வாங்கி வந்து கீழ்த்தளத்தில் மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மாடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் நானே நின்று கொடுத்தேன். பெட்டி தூக்குவது கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் புதிதாக வந்து, "எங்க, அந்தம்மாவக் காணோம்?" என்று கேட்பதற்குப் பதில் சொல்லித்தான் ஓய்ந்துபோனேன்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தது. இறந்தவர்கள் வெளியே உலாவும் மாதம். புல்தரையெல்லாம் காகிதம் எரித்த சாம்பல், சாலையோரமெல்லாம் படையல். அந்தப் புதன்கிழமை இனி நிற்க முடியாது என்று தோன்றிவிட்டது. மேசையைத் தூணோரம் போட்டேன். அவளுடைய சிவப்பு விரிப்பை விரித்தேன். ஆரஞ்சுகளை அவள் செய்வதுபோலவே கோபுரமாக அடுக்கினேன். 'கொட்டி வச்சா பிச்சை மாதிரி இருக்கும், அடுக்கி வச்சா கடை மாதிரி இருக்கும்' என்பாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாம். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு அன்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கீழே சத்தம். மூன்றாம் மாடி போ கியோக்கின் குரல். அவள் குரல் லிஃப்டுக்குக் காத்திருக்காது, நேராக மேலே ஏறி வரும்.

"உனக்கு என்ன தைரியம்! படையல்ல கை வைக்கிற? பேய் பின்னாலயே வந்து உன் கட்டில்ல படுத்துக்கும், பாத்துக்கோ!"

இறங்கிப் போனேன். என் மேசையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கேரட் பெட்டியில் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி. இரண்டு சிவப்பு மெழுகுவர்த்தி. நான் வைக்காத சோற்றுப் பொட்டலங்கள், பாவ் ரொட்டி, ஒரு தட்டுப் பலகாரம். ஆரஞ்சுக் கோபுரத்தில் மேல் மூன்று மட்டும் குறைந்திருந்தன. மற்றபடி காலையிலிருந்து ஒருவரும் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. கீரை வாடி, மேலே சாம்பல் படிந்து கிடந்தது.

அந்த மூன்று ஆரஞ்சும் லியான் சூவின் பையில் இருந்தன. எதிர் புளோக்கில், ஒற்றை அறை வாடகை வீட்டில், கால் புண்ணோடு கிடக்கும் இன்னொரு கிழவியுடன் இருப்பவள். உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலை. வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"தெக் ஆன் அண்ணே, காலையிலருந்து மூணு தடவ வந்து பாத்தேன். நீங்க இல்ல. புதன்கிழமைய நம்பித்தான் வீட்ல ஒண்ணும் வாங்கல. அந்தக் கிழவி நேத்து ராத்திரி பிஸ்கட்தான் தின்னுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நாள் முழுக்க மத்தவங்க மிச்சம் வச்சதக் கொட்டுற கை இது. அதுல ஒரு வாய் எடுத்தாலும் வேலை போயிடும். பேய் சோறுன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"இது படையலே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பின்ன என்ன? மொத ஊதுபத்தி நான்தான் ஏத்துனேன்" என்றாள் போ கியோக். "சிவப்புத் துணி, ஆரஞ்சு கோபுரம், பக்கத்துல ஆள் இல்ல. சரி, தெக் ஆன் பொண்டாட்டிக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன். எனக்கு ஆபரேஷன் ஆனப்ப பதினெட்டு நாள் கஞ்சி கொண்டாந்தவ அவ. ஏத்தாம போவேனா?"

அப்போதுதான் மேசை ஓரத்தில் அதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட காப்பி. சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி. கிம் ஹுவே குடிப்பது அதைத்தான். இந்தப் புளோக்கில் யாருக்கோ அது தெரிந்திருக்கிறது.

படையல் இல்லை என்றால் இவ்வளவு பேர் அவளை நினைத்து ஏற்றியது வீண். படையல்தான் என்றால் லியான் சூ இறந்தவளிடம் திருடியவள். ஒரு நாள் நான் மேலே படுத்துக் கிடந்ததற்கு இவ்வளவு.

"ஊர்ப் பேய்க்கு வச்சதுன்னாதான் தொடக் கூடாது. வீட்டு ஆளுக்கு வச்சது, அவங்க சாப்பிட்டு முடிச்சா நமக்குத்தானே?" என்றேன்.

"முடிச்சாளான்னு கேட்டியா?" என்றாள் போ கியோக்.

இறந்தவர்களிடம் கேட்பது காசு போட்டுத்தான். சட்டைப் பையில் இரண்டு காசு இருந்தன. ஒன்றில் சின்னமும் ஒன்றில் எண்ணும் விழுந்தால் சாப்பிட்டாயிற்று. இரண்டும் ஒன்றாக விழுந்தால் இன்னும் இல்லை. மேசை முன்னால் குந்தினேன்.

"கிம் ஹுவே, சாப்பிட்டியா?"

இரண்டும் எண்.

"எப்பவும் மெதுவாத்தான் திம்பா" என்றாள் போ கியோக்.

மறுபடி போட்டேன். இரண்டும் எண். லியான் சூ பையை எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. எதிர் புளோக்கின் ஒரு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை போட்டேன். காசு உருண்டு நிற்பதற்குள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அள்ளிக்கொண்டேன்.

"சாப்பிட்டுட்டா" என்றேன்.

போ கியோக் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நானும் பாத்தேன். ஒண்ணு சின்னம், ஒண்ணு எண்" என்றாள். உடனே லியான் சூவிடம் திரும்பி, "மரம் மாதிரி நிக்காத. பைய விரி. மூணு ஆரஞ்ச வச்சு ரெண்டு பேர் என்னத்த தின்பீங்க?" என்று திட்டியபடியே சோற்றுப் பொட்டலங்களையும் பாவ் ரொட்டிகளையும் உள்ளே திணித்தாள். தூண்களுக்குப் பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர் பையோடு வந்தார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தார்களோ.

போகும்போது லியான் சூ கேட்டாள். "அண்ணே, அடுத்த புதன்கிழமை கீழ இருப்பீங்களா?"

எனக்குக் களைப்பாகத்தான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

"இருப்பேன்" என்றேன்.

காப்பியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது. சாம்பல் விழுந்த கைலானை யாரும் எடுக்கவில்லை. மேலே கொண்டுபோய் ஒவ்வொரு இலையாகக் கழுவினேன். நாலு முறை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.