அழகி ஊதிய பலூன்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு ஃபேன்ஸி ஸ்டோரில் பலூன் என்றால் 'ஹாப்பி பர்த்டே' அச்சடித்ததுதான் கிடைக்கும். கொரோனாவிலிருந்து தேறியவர்களுக்கென்று வேறு எதையாவது அச்சடிக்கலாம் என்று எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை. "மூக்கால இழுங்க, வாயால மெதுவா விடுங்க, தெனமும் பலூன் ஊதுங்க" என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி சுபா சொல்லி அனுப்பியிருந்தார். தங்கமுத்து வாங்கிவந்து ஊதினார். அவரோடு ஆஸ்பத்திரியில் படுத்து, அவரோடு வீடு திரும்பிய மனைவி அழகியும் ஊதினாள்.

"ஒங்களதப் பாருங்க, சூம்பிப்போன கத்திரிக்கா மாதிரி" என்றவள், தன் சிவப்புப் பலூனைப் பரங்கிக்காய் கணக்குக்கு ஊதி, மாஸ்க் கயிற்றால் கட்டி, பீரோ கைப்பிடியில் தொங்கவிட்டாள். அந்த வாரமே, காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். நுரையீரலில் ரத்தம் கட்டிக்கொண்டதாம்.

தங்கமுத்துவுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. பலூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது அவள் மூச்சு. அது தினமும் கொஞ்சம் சுருங்கியது. தானாகச் சுருங்கி முடிகிறவரை யாரும் அதைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். வேறு எதையும் நினைக்கவில்லை.

கருமாதிக்கு அழகியின் அண்ணன் ஞானமணி வந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். யாரோ பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்திவிட்ட 'மூச்சுக்கலை மாமணி' பட்டத்தை விசிட்டிங் கார்டில் போட்டிருப்பவர். கொரோனா தன் பிராணாயாமத்துக்குப் பயந்து தெருவோடு திரும்பிப் போனதாக வாட்ஸப்பில் எழுதியவர்.

"என்ன மாப்ள, எழவு வீட்டுல பர்த்டே கொண்டாடுறீங்களா?"

"கண்ணுல பொட்டுத் தண்ணி வரல. பலூனு மட்டும் ஊதத் தெரியுது" என்றாள் அழகியின் சின்னம்மா பிரகதாம்பாள், காப்பி டம்ளருக்குள்.

"டாக்டரு..." தங்கமுத்துவுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை.

"டாக்டருக்கு என்ன தெரியும்? மூச்சு நாபியிலேர்ந்து கெளம்பணும்." ஞானமணி எழுந்தே நின்றுவிட்டார். கூடத்துச் சனம் பந்தியை மறந்துவிட்டு உட்கார்ந்தது. ஜன்னலில் கிடந்த பலூன் பாக்கெட்டிலிருந்து புதுசு ஒன்றை உருவி, நாபியைத் தொட்டுக்காட்டிவிட்டு ஊதினார். கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. பல்செட் ஒருதரம் இடம் மாறி உட்கார்ந்தது. பலூன் மட்டும் தொங்கிய நாக்காகவே இருந்தது.

"மட்ட ரப்பர்" என்றார் மாமணி. கண் பீரோவுக்குப் போனது. "அந்தா, அது எளகித்தான் கெடக்கு. அதுல ஊதிக் காட்டுறேன்."

"மச்சான்... அத மட்டும்..."

"பாத்தீகளா, முழுசா பேச முடியல. இதுக்குத்தான் சொல்றேன்." பேசிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

பலூன் சன்னமாகச் சீறியது. தங்கமுத்து எழுந்துபோய் மச்சானின் கைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். சுபா சொல்லிக்கொடுத்தபடி, மூக்கால் நிதானமாக இழுத்தார். ரப்பர் வாசம்தான் வந்தது. அது அடங்குகிறவரை இழுத்தார்.

"அப்படித்தான்" என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார் ஞானமணி. "இப்ப வாயால விடுங்க, மாப்ள."

தங்கமுத்து விடவில்லை.